வேலி சாய்ந்த இடத்தில் வாத்தியார்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. பால் வண்டிக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார், நீ மட்டும் ஏன் பாக்கி? மேல்வரிசைக்குப் பல்செட் கட்டியிருக்கிறேன். நீ போனபோது ஆணியில் மாட்டிய விசில் அங்கேயேதான் தொங்குகிறது, அதை எடுக்க மனம் வரவில்லை. அதனால் மாடுகளைத் திருப்ப விரலை வாயில் வைத்து ஊதினேன். விசில் வரவில்லை, பல்செட் வந்தது. சாணியில் போய் விழுந்தது. நீ பழக்கிய வாத்தியார் இருக்கிறாரே (நாய் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்), அவர் உடனே பதுங்கிப் படுத்து, வழிதவறிய கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல் அதை முறைத்துக்கொண்டே இருந்தார். அசைந்தால் மந்தையில் சேர்த்துவிடுவார். வண்டிக்காரர், "என்னண்ணே, ஒண்ணு மட்டும் தனியா ஓடிடுச்சா?" என்றார். அன்றுமுதல் நான் விசிலண்ணன்.

இரண்டு வருடமாக வாத்தியாரோடு வேலை செய்தும் அவரை ஏவுகிற இடம் வலம் எனக்குப் பிடிபடவில்லை. "இடம்னா நாயோட இடம்ப்பா, உங்க இடம் இல்ல" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! நான் மாற்றிச் சொல்வேன். அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார், பிறகு எது சரியோ அந்தப் பக்கம் ஓடுவார். உன் அம்மாவும் என்னை அப்படித்தான் நடத்துகிறாள்.

இனி எழுதப்போவதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

போன மாத மழையில் கடைசி வயலின் வேலித்தூண் ஒன்று சாய்ந்து, மாடு நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தது. அந்தப் பக்கம் லாரி ஓடுகிற சாலை. வாத்தியாரை அந்த இடத்தில் "படு" என்று சொல்லிப் படுக்கவைத்துவிட்டு, கம்பி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் உன் போன் வந்தது. "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று நீ கேட்டது எனக்கே கேட்டது. நான் அம்மாவைப் பார்த்து இல்லை என்று கையை ஆட்டினேன். நீ போனை வைத்த பிறகு அம்மா, "பெத்த பொண்ணுகிட்ட கண்ணாமூச்சி ஆடற வயசா இது?" என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு ரோஷம். சாப்பிடாமல் போய்ப் படுத்தேன். மழை தகரத்தில் அடித்தது. கம்பியும் மறந்தது, வாத்தியாரும் மறந்தார்.

பால் கறக்கும் நேரத்தில் அம்மா, "வாத்தியாரைக் காணோமே" என்றதும்தான் நினைவு வந்தது. ஓடினேன். பன்னிரண்டு மாடும் வேலிக்குள்ளேயே நின்றன. வாத்தியார் அதே இடத்தில், சேற்றுத் தண்ணீரில் படுத்திருந்தார். புதிதாகக் கன்று போட்ட செவலை அவரை மிதித்திருந்தது. முன்னங்கால் ஒரு தினுசாக மடிந்து கிடந்தது. அப்படியும் இடத்தை விடவில்லை.

"எந்திரிடா" என்றேன். "வாடா ராஜா" என்றேன். காதை மட்டும் அசைத்தார். வேலை முடிந்தது என்பதற்கு நீ ஒரு சொல் பழக்கியிருந்தாயே, அது நினைவுக்கு வரவில்லை. மழையில் முட்டாள் மாதிரி நின்றேன். பிறகுதான் வந்தது. "போதும், வா." மூன்று காலில் எழுந்து வந்து என் முட்டியில் தலையை வைத்தார்.

மாட்டு டாக்டர் காலைக் காப்பாற்றிவிட்டார். "நடப்பான். ஆனா இனிமே மாட்டுப் பின்னால அனுப்பாதீங்க" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது அம்மா, "நல்லா இருக்காரு" என்று சொன்னது நான் சொல்லச் சொன்னது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இப்போது அவர் கொட்டகை வாசலில் படுத்து, நான் கோலோடு அல்லாடுவதைப் பார்க்கிறார். தப்பான பக்கம் போனால் பெருமூச்சு விடுகிறார்.

"இனிமே நானும் வாத்தியாரும் பாத்துக்கறோம்ப்பா, நீங்க உக்காருங்க" என்று நீ சொன்ன அன்று, வண்டிக்காரர் எதிரில், "படிச்ச புள்ளைக்கு இங்க என்ன வேலை? உனக்கு இங்க இடமில்ல" என்றேன். உன் நல்லதுக்குச் சொன்னதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். நான் கை ஓங்கி அடித்தும் நகராத மாடு, உன் ஒரு விசிலுக்கு வரிசையில் நின்றது. அதை வண்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வாத்தியாருக்குச் சொன்ன அந்த "போதும், வா"வை உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. உன்னை வெளியே நிறுத்தி வைத்தவனே நான்தான். அங்கே உன் வேலை உனக்குப் பிடித்திருந்தால் இருந்துகொள். அவரைப் பார்க்க மட்டும் ஒருமுறை வந்துவிட்டுப் போ. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, கண்ணு.

நீ கிளம்பிய அன்று பஸ் பத்து நிமிடம் தாமதம். நீ இரண்டு முறை என்னைப் பார்த்தாய். நான் பஸ்ஸின் டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். சொல்ல வந்தது அதுவல்ல. "போகாதம்மா, என்னைவிட நீதான் நல்லா பாத்துக்கறே" என்பது.

உன் அப்பா