கூரைமேல் போன கல்வெட்டு

மே 4, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் கல்வெட்டின் மாதிரியைக் காட்டினார்கள். இலங்கை மலைத்தோட்டத்தில் நாங்கள் பத்து நாளில் கட்டித்தரப் போகும் தேவாலயத்துக்கு. இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை, கல்வெட்டு தயார். அது போகட்டும். பதினாறு பெயர்கள், கீழே ‘மற்றும் பலர்’. நான் அந்தப் பலரில் இருக்கிறேனாம்! ஆபீசில் கெஞ்சி லீவு வாங்கியவன் நான். சபைச் செயலாளர் எத்திராஜ் அண்ணனிடம் கேட்டேன்.

“இன்னா பாபு, பேருக்கா வர்ற? ஊழியத்துக்குப் போறோம்பா.”

அவர் பெயர் முதல் வரியில், தனியாக, கொட்டை எழுத்தில்.

மே 7
சண்டை போட்டு வாங்கிவிட்டேன். ‘மற்றும் பலர்’ போய் ‘பாபு’ வந்தது. அந்தப் பலரில் வேறு யாருமே இல்லை போலிருக்கிறது.

மே 22
விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. கல்லையோ போல்ட் பெட்டியையோ விட்டுவிட வேண்டும். கூரைத் தகடு மாட்டும் போல்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில் நானே அலைந்து வாங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“போல்ட் அங்கேயும் கிடைக்கும். கல் கிடைக்குமா?” — சொன்னது நான்தான். பெட்டி நாங்கள் வந்த வேனிலேயே திருமுல்லைவாயில் சபைக்குத் திரும்பியது.

மே 24
சுவர்கள் ஏற்கெனவே நிற்கின்றன! தோட்டத்து ஆட்களே கட்டிவிட்டார்கள். எங்களுக்குக் கூரையும் வெள்ளையடிப்பும்தான் பாக்கி. அவர்கள் சுவருக்கு முன்னால் ஆளுக்கொரு கொத்தனார் கரணையோடு படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

செல்வமணி அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர்; இந்தச் சபையை நடத்துவதும் அவர்தான். “போல்ட் எங்க தம்பி? நீங்க கொண்டாறதா சொன்னதால நாங்க வாங்கல்ல.”

கல்லைக் காட்டினோம். நிதானமாகப் படித்தார். “எல்லார் பேரும் இருக்கு” என்றார்.

டவுன் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. இப்போதைக்குக் கடைக்குப் போக வழியில்லை.

மே 25
கம்பியால் கட்டித் தகடுகளை ஏற்றினோம். ஸ்தோத்திரம் சொல்லி ஒரு படம்.

மே 26
மத்தியானம் பேய்க்காற்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் சரிந்துவிடும் என்று பயந்து முப்பது பேர் கைக்குழந்தைகளோடு தேவாலயத்துக்குள் வந்திருந்தார்கள். ஒரு தகடு பிய்த்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. ஐயோ, நான் இன்னாத்துக்கு அப்படிச் சொன்னேன்? ஒரு வரி பேருக்காகவா?

“கூரை மேல கல்லுங்கள ஏத்துங்க!” என்று அக்கா கத்தினார். அகப்பட்டதையெல்லாம் ஏற்றினோம். ஒரு மூலைக்குப் போதவில்லை. எங்கள் கல்வெட்டைப் பார்த்தேன்.

எத்திராஜ் அண்ணன் குறுக்கே வந்தார். “அது வாணாம்பா, கீறல் வுழுந்துடும்!”

நானும் அக்காவும் தூக்கினோம். சொரசொரப்பான பக்கம்தான் தகட்டைப் பிடிக்கும் என்று, எழுத்து வானத்தைப் பார்க்க அக்கா வைத்தார். தகடு அசையவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி மேலே இருப்பவர்தான் அதைப் படிக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு
போல்ட் போட்டாகிவிட்டதாம். ஆனாலும் மழைக்காலம் முடியும்வரை கல்லை இறக்க மாட்டேன் என்று அக்கா போனில் சொல்லிவிட்டார். அதனால் இன்று கமிட்டி கூடி, புதுக் கல் செய்யத் தீர்மானித்தது. “இந்த வாட்டி உன் பேரு ரெண்டாவது வரில” என்றார் எத்திராஜ் அண்ணன், தோளில் தட்டி.

பெயர்ப் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் செல்வமணி. அப்புறம் சுவர் கட்டிய ஒன்பது பேர், அக்காவிடம் கேட்டு எழுதியது. கடைசியில் எங்கள் பதினேழு பேருக்கும் சேர்த்து ‘மற்றும் பலர்’.

அண்ணன் இரண்டு முறை படித்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.