வர்ஷீச் கணவாயும் என் முன்னிருக்கையும்

க்ரான்ஸ்கா கோரா,
மே மாதம், செவ்வாய்.

அன்புள்ள தங்கை நெவெங்காவுக்கு அக்கா தாரிங்கா எழுதுவது.

நலம். வண்டியை விற்றுவிடச் சொல்லி மெல்போர்னிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. விற்கவில்லை. இனி விவரம்.

போன நவம்பரில் உன் அத்தான் போகோமிர் காலமானதிலிருந்து, அவருடைய நெடும்பயண மோட்டார் சைக்கிள்மேல்தான் அவர் தம்பி ஸ்ரெச்கோவுக்குக் கண். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்குப் புனித நீர் தெளித்தார்கள். ஏறி உட்கார்ந்து நீரை வாங்குகிறவருக்கே அந்த ஆண்டு வண்டி என்ற நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஸ்ரெச்கோ வண்டிக்கு விலை பேசி, எல்லை தாண்டி இத்தாலியின் த்ரியெஸ்தேயிலிருந்து வாங்க ஓர் ஆளையே அழைத்து வந்திருந்தான். பாதிரியார் வருமுன் நான் ஏறிவிட்டேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு. கால் இருக்கையைத் தாண்டுவதற்குள் ஊரே பார்த்துவிட்டது. என்மேல் மட்டும் பாதிரியார் இரண்டு தரம் தெளித்தார். அவ்வளவு நம்பிக்கை.

"அண்ணி, இது கால் டன் எடை. பின்னாடி உட்கார்ந்து சாண்ட்விச் தின்னுட்டு வந்தவங்க நீங்க" என்றான் ஸ்ரெச்கோ.

"லைசென்ஸ் எடுத்துட்டேன் தம்பி. சாண்ட்விச்சும் கட்டியிருக்கேன்."

"அப்போ வர்ஷீச் கணவாய் ஏறி இறங்கி வாங்க. கல் பாவின வளைவுல வண்டி சாஞ்சா சாவி எனக்கு."

"சாயலைன்னா இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது" என்று சொல்லிக் கிளம்பினேன்.

நிற்கும்போதுதான் அது எருமை. உருண்டதும் எடை எங்கோ போய்விடுகிறது. கைப்பிடியை லேசாகத் திருகினால் மேடு தானே வழிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் காற்றுத்தடுப்பு உயரும், கைப்பிடி சூடாகும். என் விரல் வாதத்துக்கு டாக்டரைவிட இது மேல்.

ஆனால் முதல் கல் வளைவில் பின்சக்கரம் விறைத்துக் குதித்தது. விழப் பார்த்தேன். ஓரங்கட்டி வண்டியின் திரையைப் பார்த்தால், அதில் இரண்டு தலைக்கவசப் படம். இருவர் பாரத்துக்காக உன் அத்தான் இறுக்கிவைத்த பின்சக்கர ஸ்பிரிங்கை யாரும் தளர்த்தவில்லை. தலைக்கவசத்துக்குள் மூக்கைத் துடைக்க முடியாது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். பிறகு ஒற்றைத் தலைக்கு மாற்றினேன். அதன்பின் கல்லெல்லாம் கம்பளம்.

திரும்பி வந்தபோது த்ரியெஸ்தேக்காரர் கைதட்டினார். ஸ்ரெச்கோ பீர் வாங்கிக் கொடுத்தான்; முகம்தான் கொடுக்கவில்லை.

வயதைப் பார்த்து நடந்துகொள் என்று இன்னொரு தரம் எழுதாதே. ஆகஸ்டில் விமானம் ஏறு; பின்னிருக்கை காலி. முதுகுக்குப் பின்னால் யாருமில்லாமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். முழுக்கப் பழகிவிடுவதற்குள் வந்துவிடு.

என்றும் உன் அக்கா,
தாரிங்கா