மாமாவின் கால்விரல்

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள ஸ்வீட்லின் அப்பாவுக்கு,

ஹில்டா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் இரண்டு முறை ஆரம்பித்தேன். எலி என்ற வார்த்தை வந்ததுமே, "ஆவடியில எலி இல்லாத வீடு ஏது, ஒரு பொறிய வாங்கி வையேன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு ஜேம்ஸ் அண்ணன் நாளை வேலை விஷயமாக ஜபல்பூர் வருகிறார். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அடுக்களை அலமாரியில் அரிசி மணி அளவுக்குக் கறுப்பாகப் புழுக்கை கிடந்தது. சுண்டெலிதான் என்று பசை அட்டை வாங்கி வைத்தேன். மறுநாளே ஒன்று ஒட்டிக்கொண்டது, என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எலித் தொல்லை முடிந்தது என்று உங்களிடம் பெருமையடித்தேன். அதுதான் என் தப்பு. அடுத்த வாரம் வாஷிங் மெஷின் குழாயைக் கடித்து வீடெல்லாம் தண்ணீர். சோப்பைத் தின்றது, ஸ்வீட்லின் பள்ளிக்கூட ஷூவைத் தின்றது, உங்கள் கல்யாணக் கோட்டில் ஒரு கையைத் தின்றது. நான் புத்திசாலி, மறுபடியும் பசை அட்டையே வைத்தேன். காலையில் அட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது. அதில் கொஞ்சம் மயிர் மட்டும் ஒட்டியிருந்தது.

நமக்கு மீன் கொண்டுவரும் பொன்னம்மாள் அக்காதான் குளியலறைப் பக்கம் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சுண்டெலி போட்டது இம்மாம் பெருசா இர்க்குமா? ஈச்சங்கொட்ட கணக்கா கீது பாரு. இது சாக்கட எலி. செவுத்துல ஒரசிகினு போய்கீது, அழுக்குக் கோடு தெர்தா?" என்றாள். தெரிந்தது. குளியலறைச் சாக்கடையிலிருந்து சுவரோரமாக ஒரு கறுப்புக் கோடு, மாமா அறைக்குள் போய்க் கட்டில் காலருகே முடிந்தது. பெரிய பொறி வாங்க நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாளைக்குத்தான், போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. காலையில் காப்பி கொடுக்கப் போனேன். மாமா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போர்வை நுனியெல்லாம் ரத்தம். வலது கால் பெருவிரல் நுனியை எலி கடித்துத் தின்றிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையில் கால் எப்போது மரத்துப்போனது என்று நமக்கும் தெரியவில்லை. நான் அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார். "எறும்பு கடிச்சிருக்கும் தாயி" என்றார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காயத்தைக் கழுவி, ஊசி போட்டுக் கட்டுப் போட்டார்கள். திரும்பி வரும்போது, "பால்ராஜ்ட்ட சொல்லிராத. அவனுக்கு அங்கன ஆயிரம் சோலி இருக்கும்" என்றார். சரி என்றேன். அந்த வார்த்தையைத்தான் இப்போது மீறுகிறேன்.

அன்றைக்கே இரும்புப் பொறி வாங்கினேன். பெரிய எலி புதுச் சாமானைக் கண்டால் ஒதுங்குமாம். "ரெண்டு நாளு பூட்டாத வை, துன்னு பழகட்டும்" என்றாள் பொன்னம்மாள் அக்கா. அதுவரை மாமாவை ஹாலில் கொசுவலைக்குள் படுக்கவைத்தேன். அந்தச் சனியனுக்கு இரண்டு நாள் கருவாடு வைத்து விருந்து போட்டேன். மூன்றாம் நாள் கதவு விழும்படி பொறியைப் பூட்டி வைத்தேன், எலி விழுந்தது. வாலோடு சேர்த்து ஒரு முழம். மாமா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "இம்புட்டு பெருசு கடிச்சும் எனக்குத் தெரியலியே" என்றார். அதற்குப் பிறகு தன் காலை என்னிடம் காட்டக் கூச்சப்படுகிறார்.

கொத்தனார் மதுரைவீரன் வந்து சாக்கடை வாயில் கம்பி வலை வைத்து, குழாய் போகும் ஓட்டையையெல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டார். ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி போதுமாம் எலிக்கு. ஒரு வாரமாகப் புழுக்கை இல்லை, சத்தம் இல்லை. எலி விஷயத்தில் உங்கள் யோசனை இனித் தேவையில்லை.

விரல் விஷயம் வேறு. வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்தபோது மிச்சமிருந்த விரல் கறுத்திருந்தது. வருகிற சனிக்கிழமை பார்த்துவிட்டு, எடுப்பதா வேண்டாமா என்று சொல்வார்களாம். எடுப்பதென்றால் வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மருமகள் போட்டாலும் போதும் என்றார் டாக்டர்.

நான் போட மாட்டேன். நீங்கள் அங்கே போய் இரண்டு கிறிஸ்துமஸ் கடந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் போட்டேன், பேங்கில் நான் போட்டேன், எல்லாத் தாளிலும் நான்தான் போட்டிருக்கிறேன். இதில் மகன் போடட்டும். லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம். அதை உங்கள் அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஜேம்ஸ் அண்ணன் வியாழக்கிழமை ரயிலில் திரும்புகிறார். கூட வர ஒரு ஆள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வழியெல்லாம் கர்த்தர் உங்களைப் பத்திரமாக வீடுவரைக்கும் நடத்திக் கொண்டுவருவாராக.

இப்படிக்கு,
ஹில்டா