டிரைவர் ரூம் வேண்டாம்

ஆகஸ்ட் 11, திங்கள். டிக்கோயா.

காலையிலிருந்து விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அவருடைய ஸ்வெட்டரை மட்டும் போட்டேன். இப்போது அதில் கருவாட்டு வாசம்.

எடுத்து வைத்தவை: குடை 2, காதுக்குல்லா, தைலம், ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல். பையின் அடியில், சேலைக்குக் கீழே, என் மாற்றல் கடிதம்.

கல்யாணமாகி ஆறு வருடம். முதல் சுற்றுலா, அதுவும் பக்கத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு. வீட்டுக்காரர் (இனி வீ. பெயரை எழுதினால் எட்டிப் பார்ப்பார்) ஒன்பது வருடமாக வெள்ளைக்காரர்களுக்கு வேன் ஓட்டி நாடு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லை. என் ஒரே நிபந்தனை: வேன் வரக்கூடாது.

விடுமுறை முடிந்ததும், நுவரெலியாவுக்கும் அப்பால் உடப்புசல்லாவைப் பள்ளியில் நான் டீச்சராகச் சேர வேண்டும். தனியாகவா, இரண்டு பேருமா? கேட்டால் "பாப்போம்" என்கிறார். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்த நாலு நாளில் பதில் வாங்காமல் விடுவதில்லை.

12, செவ்வாய். நுவரெலியா.

ஹட்டனில் ரயில் தாமதம். ஏகக் கூட்டம். எனக்கு ஜன்னலோரம் பிடித்துத் தந்தார். அதோடு சரி. எதிர் சீட்டு வெள்ளைக்காரத் தம்பதிக்கு அருவி எப்போது வரும், சுரங்கம் எப்போது வரும் என்று ஒரே விளக்கம். அவர்கள் பையைத் தூக்கி மேலே வேறு வைத்தார்.

"என்னங்க, நானும் டூரிஸ்ட்தான்."

சிரித்தார். நானுஓயாவிலிருந்து பஸ். முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த ஆள் கியர் மாற்றுவது பிடிக்கவில்லையாம்.

விடுதிப் பதிவேட்டில் விருந்தினர் என்று என் பெயர். தன் பெயரைக் கீழே, டிரைவர்மார் கையெழுத்து வைக்கும் கட்டத்தில் எழுதிவிட்டார். பழக்க தோஷம். அங்கிருந்த பெண் இரண்டு சாவியை நீட்டினாள்: "மேடத்துக்கு மேல ஏழாம் நம்பர். டிரைவர் ரூம் கீழ, கராஜ் பக்கத்துல."

வீ. வாங்கிக்கொண்டார்! என் பையை மாடியில் வைத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். கீழே போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காது சிவந்து வந்தார்.

13, புதன்.

தூறல், வெயில், மறுபடி தூறல். ஏரியில் மிதிபடகு. கரைக்கு வரும்வரை ஒரு விளக்கமும் சொல்லவில்லை. நல்லது. ஸ்ட்ராபெரி புளிப்பு.

மதியம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. "இந்தா வர்றேன்" என்று போனவரைக் காணோம். இருபது நிமிடம் தனியாக, இரண்டு தட்டோடு. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். பின்பக்கம், டூரிஸ்ட்களைக் கூட்டி வரும் டிரைவர்மாருக்குச் சும்மா போடும் சோற்றைச் சாப்பிட்டாயிற்றாம்! நேற்று சிரித்தேன். இன்று கோபம்தான் வந்தது. அழுகையும்.

"ஆறு வருசமா தனியாத்தான் சாப்பிடுறேன். இங்கயுமா?"

உட்கார்ந்தார். உப்புப் போத்தலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"கோவிக்காத கலா. இந்தப் பக்கம் உக்காந்தா யாராச்சும் எந்திரிக்கச் சொல்லுவாங்களோன்னு இருக்கு."

"உடப்புசல்லாவைக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"அங்க வந்தா நான் யாரு? இங்கன்னா டிரைவர். நாலு பேருக்குத் தெரியும்."

இதுதானா விஷயம்! நான் என்னவோ என்மேல் பிடிப்பு விட்டுப்போச்சு என்று நினைத்து இரண்டு மாதமாக மருகிக்கொண்டிருந்தேன். என் தட்டை நடுவில் தள்ளினேன். வயிறு நிறைந்திருந்தும் சாப்பிட்டார்.

பதில் மட்டும் வரவில்லை.

14, வியாழன். உடப்புசல்லாவை.

இங்கே மழையே இல்லை. சேலையைப் பிடித்து இழுக்கும் காய்ந்த காற்று. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். பஸ்ஸில் இன்று வீ. என் பக்கத்தில். என் தோளில் சாய்ந்து தூங்கினார். வளைவுகளில் மட்டும் வலது கால் பிரேக்கைத் தேடியது.

பள்ளிக்கூட வாசலில், "நீ போ, நான் வெளிய நிக்கிறேன்" என்றார். மறுபடியுமா என்று மனசு விட்டுப்போனது. உள்ளே, பள்ளி அதிபர் நல்ல மாதிரி. எனக்கு ஐந்தாம் வகுப்பு. பாட நேரசூசியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திறந்த ஜன்னல் வழியாக வாட்ச்மேனின் குரல்:

"தம்பி, டீச்சரைக் கூட்டிட்டு வந்த டிரைவரா?"

அதிபர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

"இல்லண்ணே. டீச்சரோட வீட்டுக்காரரு."

பிறகு,

"இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதும் இருக்குமா? ரெண்டு பேருக்கு."