தாழ்ந்த சீமெந்து

ஹனோவர்,
20.05.1996

அன்பின் றோசம்மாவுக்கு,

மாதாவின் இரக்கத்தால் உம்முடைய கால்நோவு தணிந்திருக்க வேண்டும். எனக்குச் சளித் தடிமனைத் தவிர வேறு குறையில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் பக்கத்து வீட்டு விமலநாதன். எழுத்து அழகாம். ஆனால் நான் சொல்வதைத் திருத்தப் பார்க்கிறார். விடமாட்டேன்.

உம்முடைய கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள். ஜூன் பதினான்காம் திகதி கொழும்பில் விசாவுக்குப் போகமாட்டீராம். மகன் வீட்டு வாசலில் பனியில் விழுந்து மற்றக் காலையும் முறிக்க ஏலாதாம். வாசல் வழுக்கும் கதையை உமக்கு அறிவித்தவன் உம்முடைய மகன் றெக்ஸ்தான். தன் கோமாளி வேலைக்குப் பனியில் பழி போட்டிருப்பான்.

நடந்ததைக் கேளும். கார் நிற்கும் இடத்திலிருந்து வாசற்படி வரை சீமெந்துப் பாதை, பன்னிரண்டு எட்டு வைக்கும் தூரம். கூரைப் பீலியால் வழியும் மழைத்தண்ணீர் அடியில் இறங்கி மண்ணைத் தின்று, நடுப்பகுதி நாலு விரல் தாழ்ந்திருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். குளிருக்குக் கண்ணாடியாக உறையும். தோண்டிப் பாரடா என்றேன். சும்மா இருங்கோ அப்பா, இது மன்னார் இல்லை என்றான். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குச் சீமெந்தும் தெரியாது என்பது இவர்களின் எண்ணம்.

நவம்பரில், பள்ளத்துக்கு மேலேயே புதுச் சீமெந்தைப் பூசினான். பூசிவிட்டுக் குழாயால் தண்ணீரும் விட்டு, சாக்கையும் நனைத்துப் போட்டான். ஊர் வெயிலில் சீமெந்து வெடிக்காமலிருக்க நான் செய்ததைச் சின்னனில் பார்த்தவனல்லவா? விடிய அந்தச் சாக்கு பலகையாக விறைத்துக் கிடந்தது. கிறிஸ்மசுக்கு முன்னே பூச்சு அப்பளம் போல உரிந்தது. முன்வீட்டு ஜெர்மன்காரன் மூன்று நாள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் உரிந்த பிறகு வந்து, தனக்கு முதலே தெரியும் என்றான். பெரிய கெட்டிக்காரன்.

பனி போனதும் எல்லாவற்றையும் உடைக்க வைத்தேன். ஞாயிறு சத்தம் போடக்கூடாதாம், அதனால் சனிக்கிழமைகளில் றெக்ஸ் முக்கி முக்கி உடைத்தான். இங்கே நிலமும் உறைந்து பொங்கும், பிறகு இறங்கும். தொடையளவு தோண்டி, படை படையாகச் சல்லிக்கல் போட்டு, வாடகை மெசினால் மூன்று தரம் இடித்து இறுக்கச் செய்தேன். அவன் இரண்டு தரம் போதும் என்றான். அவனுடைய போதும் எனக்குத் தெரியும்.

றோசம்மா, உடைக்கும்போது பழைய சீமெந்துக்கு அடியில் கையை விட்டேன். முழங்கை வரை வெறும் வெளி. எனக்கு உடனே நம்முடைய கிணற்றடி ஞாபகம் வந்தது. 1961, பெரிய வெள்ளிக்கு முந்திய புதன். நிரப்பிய மண்ணை இடிக்காமல் ஒரே நாளில் சீமெந்து போட்டவன் நான். கள்ளுக்கு நேரமாகிறது என்ற அவசரம். மாரியில் அது தாழ்ந்து பாசி பிடித்தது. நீர் அதில் வழுக்கிக் குடத்தோடு விழுந்தீர். பார்த்து நடக்கத் தெரியாதவள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்றே சொன்னேன். முப்பத்தைந்து வருடமாக, கேட்ட எல்லோருக்கும் அதையே சொன்னேன். றெக்ஸ் பனியில் பழி போட்டான். நான் உம்மில் போட்டேன். அவன் எங்கே பழகினான் என்று நான் யாரைக் கேட்பது?

இந்த இடத்தில் விமலநாதன் பேனையை நிறுத்தி, அண்ணை இது வேணுமோ என்று கேட்டார். எழுதும் என்றேன். உமக்கு வாசித்துக் காட்டுகிற சந்திரகாந்தி ரீச்சரையும் இதை விடாமல் சத்தமாக வாசிக்கச் சொல்லும். உம்முடைய தங்கச்சியும் பக்கத்தில் நிற்கட்டும். என் பேச்சை நம்பி உம்மைக் குருடி என்று பகிடி பண்ணியவள் அவள்தானே.

பீலித் தண்ணீரை அப்பால் திருப்பி, புதுச் சீமெந்தும் போட்டு முடிந்தது. நேற்று முழுநாளும் மழை. வாசலில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கவில்லை. நீர் தடி ஊன்றுவது இடக்கை. அதனால் வலக்கைப் பக்கம் பிடிக்கக் கம்பி நட்டிருக்கிறேன்.

பதினான்காம் திகதி கொழும்புக்குப் போம். போகிற வழியெல்லாம் மாதா உம்முடைய காலடியைக் காக்கட்டும். கடைசிப் பன்னிரண்டு எட்டுக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உம்முடைய யோசப்

கீழே இருப்பது என் பெருவிரல். இதைச் சொன்னது விமலநாதன் அல்ல, நான்தான் என்பதற்கு.