காலியொப்போவில் முதல் மிடறு

மச்சான்,

இன்று மத்தியானம் மூன்றாம் மேசைக்கு ஒரு வைன் போத்தல் திறந்தேன். தக்கையை இழுத்ததும் காய்ந்த செர்ரியும் பழைய தோல்பையும் கலந்த மாதிரி அந்த வாசம் வந்தது. லேபிளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. உன்னுடைய காலியொப்போ.

ஓம், நான் இப்போது குசினிக்கு வெளியே, சாப்பாட்டு மேசைகளுக்குப் பரிமாறுகிறேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஏப்ரன். நீ இரண்டு தரம் கேட்டும் முதலாளி தராத வேலை. உன் ஆங்கிலம் போதாது என்றான். அவனுடையது உன்னுடையதைவிட மோசம். போன மாரிக்குளிரில் நீ செத்தபிறகு என்னை வெளியே எடுத்தான், வைன் என்றாலே எரிச்சல்படுகிற என்னை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இதே இத்தாலிய உணவகத்தின் குசினியில் நாங்கள் இருவரும் கோப்பை கழுவினோம். முதலாளியின் ஊர் கலாப்ரியா, இத்தாலியின் தென்கோடி. அங்கே கடலோரம் விளைகிற கறுத்த திராட்சைதான் காலியொப்போ. திராட்சைக்கு எங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டு, நீ அதைக் கலாப்ரியா முந்திரிகை என்பாய். அதில் வடித்த வைனுக்கு மெனுவில் கடைசி வரி. அவனுடைய ஊர்க்காரர் வந்தால் விரும்பிக் குடிப்பார்கள். மற்றவர்கள் அதன் வெளிறிய சிவப்பைப் பார்த்து, தண்ணீர் கலந்ததோ என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பி வந்த போத்தல்களில்தான் நீ வைனைப் படித்தாய். கோப்பை கழுவும் சிங்குக்குப் பக்கத்தில் நின்று, பிளாஸ்டிக் கப்பில், ஒரு மிடறு.

“பார்வைக்கு ஒண்டுமில்லாத மாதிரி. வாயிலை வைச்சால் நாக்கைப் பிடிச்சு இழுக்கும். எங்கடை ஆக்களைப் போல,” என்பாய்.

“வெள்ளையன்ரை எச்சிலைக் குடிச்சுக்கொண்டு கதையைப் பார்.”

“போத்தல்லை மிஞ்சினது எச்சில் இல்லை மச்சான். கிளாஸிலை மிஞ்சினதுதான் எச்சில்.”

அந்த வித்தியாசத்தை நீ கண்டிப்பாகக் காத்தாய். கிளாஸில் மிஞ்சியதை ஒருநாளும் தொட்டதில்லை. எனக்கு முதலாளிமேல் கோபம், இந்த நாட்டின்மேல் கோபம், விடிய ரெக்ஸ்டேல் தொழிற்சாலைக்கும் பின்னேரம் குசினிக்குமாக எங்களை ஓடவைத்த வாழ்க்கைமேல் கோபம். அவை ஒன்றும் கைக்கு எட்டாதபடியால் உன்மேல் பாய்ந்தேன். தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போன வான் ஐஸில் சறுக்கிய காலையில் எனக்கு லீவு. உனக்கு இல்லை.

நீ போன எட்டாம் நாள் மோர்னிங்சைட்டில் உன் அக்கா வீட்டில் படைத்தார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்கிற வழக்கம்தானே. கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், நடுவில் ஒரு விஸ்கிப் போத்தல். யூனியன்வில்லில் இருக்கும் உங்கள் பெரியப்பா மகன் வாங்கி வந்தது. ஆம்பிளை குடிக்கிறது வேறென்ன என்று அவர் கேட்டார். விஸ்கி மணத்துக்கே நீ மூக்கைப் பொத்துவாய். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

வைன் என்று சொன்னால் எங்கே குடித்தவன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் சிங் வரும், திருப்பி அனுப்பிய போத்தல் வரும். நீயோ வீட்டில் சுப்பர்வைசர் வேலை என்று சொல்லிவைத்திருந்தாய். உன் மானத்தைக் காப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது யோசித்தால், நான் காத்தது என் மானத்தை. நானும் அதே சிங்கில்தானே நின்றேன். உனக்குப் பிடிக்காததை உனக்குப் படைத்துவிட்டு, பிறகு எல்லாரும் அதை எடுத்துக் குடித்தோம்.

வருகிற ஞாயிறு உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருஷம். மறுநாள் திங்கள், மீனும் இறைச்சியுமாக மச்சம் காய்ச்சிப் படைக்கிறார்கள். இன்று பின்னேரம் அக்கா போன் எடுத்து, அதே விஸ்கியில் ஒரு போத்தல் வாங்கி வரச் சொன்னார். மத்தியானத்து வாசம் என் விரலைவிட்டுப் போயிருக்கவில்லை.

“அவன் விஸ்கி குடிக்கிறேல்லை, அக்கா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிங், பிளாஸ்டிக் கப், திரும்பி வந்த போத்தல்கள், நான் எச்சில் என்று சொன்னது.

“அவன்ரை கை தண்ணியிலை ஊறி வெடிச்சுக் கிடந்ததை நான் காணேல்லை எண்டு நினைச்சனீரோ தம்பி? சுப்பர்வைசர் எண்டு சொன்னான். நானும் ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்.” அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “உந்த வைனையே கொண்டு வாரும். ஆனா புதுப் போத்தலாக் கொண்டு வாரும்.”

கடை பூட்டுமுன் ஓடிப்போய் வாங்கினேன். மேசையில் நிற்கிறது. புதுப் போத்தல் திறந்தால், கேட்டவருக்கு ஒரு மிடறு ஊற்றி, அவர் ருசித்துத் தலையாட்டும்வரை காத்து நிற்க வேண்டும். வெளியே எடுத்ததும் எனக்கு முதலில் பழக்கியது அதைத்தான். அப்படி யார் யாருக்கோ நின்றிருக்கிறேன். உனக்கு இந்த நகரத்தில் ஒருவரும் அப்படி நின்றதில்லை, நான் உட்பட.

திங்கட்கிழமை உன் படத்துக்கு முன்னால் ஊற்றிவிட்டு நிற்பேன். எவ்வளவு நேரம் நிற்பதென்றுதான் தெரியவில்லை.