அய்யன் கடலுக்குக் கொண்டுபோன பாதாளக்கரண்டி

கடலுக்குள்ளே இருக்கும் என் ராசா அண்ணனுக்கு, கரையில் இருக்கும் மயிலா எழுதுவது.

நம் அய்யன் போய்விட்டார். ஆவணி பிறந்ததும், ஒரு மத்தியானம், மாடு கட்டும் கட்டுத்தறிப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தவர் அப்படியே போய்விட்டார். அங்கே வந்து சேர்ந்துவிட்டாரா? சேர்ந்திருந்தால் முதலில் உன்னை நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பார். எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொள். உனக்கு அது வேணும்.

இதை எழுதி மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம் பங்காளிகள் படிக்க வேண்டும். சொல்ல வேண்டியதை நேரில் சொல்லியும் ஆயிற்று, ஆனால் என் குரல் அன்றைக்கு நடுங்கிவிட்டது. எழுத்து நடுங்காது பார்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்களே, அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ காங்கேயத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவன். கிணறு தெரியும், குளம் தெரியும். கடலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வைகாசியில் கல்யாணம் பண்ணிக்கொண்டாய். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு நம் ஜோடிக் காளைகளை ஓட்டிப்போனாய். கொழும்பில் வண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி அவற்றைப் பார்த்து மயங்கிப்போனார். விலை பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது, உன் கையைத் தவிர வேறு யார் கையிலும் அவை ஒரு வாய் தின்னாது என்று.

“கூடவே தோணியில வந்து, அங்க ஆளுகளுக்குப் பழக்கிவிட்டுட்டுத் திரும்பிருங்க தம்பி” என்றார் அவர். உனக்கு வாயெல்லாம் பல். நங்கை வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம், அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம். உன் சரசு அடுப்படியில் நின்றுகொண்டு, வேகாத பருப்பை வெகுநேரம் கிண்டிக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், “ஏண்ணா, புதுப்பொண்டாட்டிய உட்டுப்போட்டு மாட்டுக்குத் தொணையா போறயே, உனக்குக் கூறு இருக்குதா?” என்று. நீ சிரித்தாய். “மாடு வாயில்லாச் சீவன் அம்மணி. உங்க நங்கைக்கு வாயிருக்குது” என்றாய். எங்கே இருந்தது வாய்? அந்த வீட்டில் வாய் இருந்தது எனக்கு மட்டும்தான்.

காற்று அடங்கித் தோணி கிளம்பவே கார்த்திகை ஆயிற்று. புயலில் அது கொழும்பு போய்ச் சேரவில்லை என்று வியாபாரியின் ஆள் வந்து சொன்னபோது அய்யன் அழவில்லை. நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனார். தண்ணீர்ச்சால் விழுந்தால் துழாவி எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கழற்றினார். கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். “கெளம்பு அம்மணி, அண்ணனைத் தூக்கிட்டு வந்தரலாம்” என்றார்.

சிரிக்காதே அண்ணா. நம் பக்கத்தில் யார் கிணற்றில் விழுந்தாலும் அய்யனைத்தான் கூப்பிடுவார்கள். முங்கி எடுப்பார், கிடைக்காவிட்டால் கரண்டி போட்டுத் துழாவுவார், அப்படியும் இல்லையென்றால் மேட்டில் உட்கார்ந்து மூன்றாம் நாள் வரை காத்திருப்பார். உடல் மேலே வந்தே தீரும். அவருக்குத் தெரிந்த தண்ணீர் அதுதான். ஈரோட்டில் ரயில் ஏறியபோது, கரண்டியின் கொக்கிகள் யாரையும் குத்திவிடக் கூடாதென்று துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தூத்துக்குடி வரை இறக்கவேயில்லை.

கரைக்குப் போனதும் நின்றுவிட்டார். நானும்தான். இத்தனை தண்ணீரா? எதிர்க்கரையே இல்லையே! பாய் சுருட்டிய தோணிகள் வரிசையாக நின்றன. உங்கள் தோணியை ஓட்டிய தண்டல் பிழைத்திருந்தார். வேறொரு தோணிக்காரர்கள் அவரைப் பலகையோடு தூக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. அய்யன் அவரைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, இந்த எடத்துல எத்தனை ஆள் மட்டம் இருக்குமுங்க?”

தண்டல் கரண்டியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, அதற்காக அந்த ஊரை நான் சாகிறவரை கும்பிடுவேன்.

“இங்கன இல்லைய்யா. இது தோணி கட்டுற கரை. அவன் போன இடம் எங்கயோ நடுக்கடல்ல கெடக்கு. அங்க நங்கூரம் போட்டாலே தரை தட்டாது.”

“செரிங்க. எப்படியும் மூணு நாள்ல மேல வந்துருமுங்களே?”

“கெணத்துல வரும்யா. கடல்ல வராது.”

அய்யன் மணலில் உட்கார்ந்தார். அப்புறம்தான் தண்டல் நடந்ததைச் சொன்னார். பாய் கிழிந்து, பாய்மரம் ஒடிந்து, தோணி ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிட்டதாம். மிளகாய் மூட்டை, வெங்காய மூட்டை எல்லாவற்றையும் தள்ளியும் நிமிரவில்லையாம். மாடுகளையும் தள்ள வேண்டும் என்று தண்டல் சொன்னாராம்.

“உம்ம மவன், கட்டுனபடியே தள்ளாதீங்க, கயித்த அவுத்துட்டா நீந்திக்கும்னான். அதுக்குள்ள தோணி பொளந்துருச்சு. நான் பலகையப் பிடிச்சுக்கிட்டு, ஏலே வாலே வாலேன்னு கத்துறேன். ‘நீங்க போங்க, அவுத்துப்போட்டு வந்தர்றனுங்க’ன்னான். சாகுற நேரத்துலயும் மருவாதியா ‘ங்க’ போட்டுப் பேசுறான்யா உம்ம மவன்! பெறவு ஒரு அலை வந்துச்சு. அம்புட்டுதான், நான் அவனப் பாக்கல.”

பெரிய மீசைக்காரர் அவர், சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அய்யன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார், “கடைசியா என்ன சொன்னான்னீங்க?” என்று. “வந்தர்றனுங்கன்னான்” என்றார் தண்டல். அய்யன் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். கரண்டியை அங்கேயே அவரிடம் கொடுத்துவிட்டார். “வா அம்மணி, போலாம்” என்றார்.

வீட்டில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். பெரியப்பன் முன்னால் நின்றார். ஆள் இல்லாவிட்டாலும் காரியத்தைச் செய்துவிடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் முறத்தில் இருந்தது. நங்கை உள்ளே சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாடி வளையல் கையில் அப்படியே இருந்தது. இருபது வயசுகூட ஆகாத பெண் அண்ணா. இனிமேல் ரவிக்கை கிடையாது, பூக் கிடையாது, ஒரு கல்யாண வீட்டில் முன்னால் நிற்கக் கூடாது. சாகிறவரைக்கும்.

அய்யன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எம்பையன் வந்தர்றேன்னு சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கான். வாரேன்னவனுக்கு எப்படி எழவு கொட்டறது? அவன் வார வரைக்கும் இந்தப் புள்ள தாலிய எவனும் தொடக் கூடாது” என்றார். பெரியப்பன் என்னைப் பார்த்தார். நான் தண்டல் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அய்யன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அதுவே ஒரு அதிசயம் அல்லவா?

அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அய்யன் பைத்தியக்காரர். பையன் போன துக்கத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்ன செய்வது, நடந்துகொண்டது அப்படி! தோட்டத்து மல்லிகைக்கு அவரே தண்ணீர் சேந்தி ஊற்றுவார். வெள்ளிக்கிழமை நங்கை தலையில் பூ இல்லையென்றால் சோற்றில் கை வைக்க மாட்டார். திருவிழாவுக்குப் போனால் வளையல் வாங்கி வருவார். கல்யாணங்களுக்கு மருமகளைக் கூடவே கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைப்பார். யாராவது முணுமுணுத்தால், “எம்பையன் கொழும்புல இருக்கானுங்க, வந்துருவானுங்க” என்பார். பைத்தியத்தோடு யார் சண்டை போடுவது? விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகித் துடியலூர் வந்தேன். உன் மச்சான் மில்லில் வேலை பார்க்கிறார். நல்ல மனுசர், நான் கத்தினால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அய்யனோடு மல்லுக்கட்டுவேன். செத்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இறைக்காமல் இப்படிக் காய விடுகிறீர்களே என்பேன். அவர் மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவார்.

இந்த ஆடியில் போயிருந்தபோது அவரே கூப்பிட்டார். நங்கை காட்டு வேலையில் இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“அம்மணி, உங்கண்ணன் போயிட்டான்னு எனக்கு அந்தக் கடக்கரையிலயே தெரியும். நானென்ன கூறு கெட்டவனா? அவன் செத்துட்டான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அந்தப் புள்ளைக்கு வெள்ளையக் கட்டியிருப்பாங்க. இந்தப் பட்டிக்காட்டான் வேறென்ன பண்றது, சொல்லு? கிறுக்கன்னு சொன்னா சொல்லீட்டுப் போறாங்க.”

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அண்ணா. இத்தனை வருஷமும் தன் பிள்ளைக்கு வாய்விட்டு அழாமல் இருந்திருக்கிறார் அந்த மனுசர். பொய்யைச் சொன்னவர் அழ முடியாதே! மாட்டுத் தொட்டியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதிருப்பாரோ?

அய்யனைத் தூக்கிப் போன மறுநாளே பெரியப்பன் வந்தார். “இனி வாரான் வாரான்னு சொல்றக்கு ஆளில்லை. அப்பனுக்கும் மவனுக்கும் ஒண்ணாவே செஞ்சு, அந்தப் புள்ளைக்கும் செய்யறதச் செஞ்சுரலாம்” என்றார். மறுபடியும் முறம். மறுபடியும் வெள்ளைச் சேலை.

நான் நங்கையை உள்ளே கூட்டிப்போனேன். அய்யன் சொன்னதைச் சொன்னேன். “இனி நான் சொல்றேனுங்க நங்கை. எங்கண்ணன் வருவான்னு நான் சொல்லிக்கிறேன். உங்கள எவனும் தொட முடியாது” என்றேன். நங்கை என் கன்னத்தைத் தடவினார்.

“எனக்கும் தெரியும் அம்மணி. மாமா எனக்காகச் சொல்ற பொய்யின்னு ஆரம்பத்துலயே தெரியும். அவரு மனசு உட்டுப்போகக் கூடாதுன்னு நானும் நம்புற மாதிரியே இருந்தேன். பூ வெச்சுக்கிட்டேன். பொட்டு வெச்சுக்கிட்டேன். ஆனா உங்கண்ணனுக்கு நான் ஒருக்காக்கூட அழுகுல அம்மணி. அழுதா செத்துப்போனாருன்னு ஆயிருமே. எனக்கு அழுகோணும். வேற ஒண்ணும் வேண்டாம். வெள்ளையக் கட்டுனாத்தான் அழுகலாம்னா, கட்டிக்கிறேன்.”

இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி நிற்பேன்? ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருத்தருக்காக ஒருத்தர் அழாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். அழுதால் பூ போய்விடும், பூ வேண்டுமென்றால் அழக் கூடாது. இதென்ன நியாயம் என்று எனக்கு வந்த கோபத்தில் வெளியே போனேன். குரல் நடுங்கியது என்றேனே, அது அப்போதுதான்.

“பெரீப்பா, எங்கண்ணன் செத்துட்டான். கடலுக்குள்ள போயிட்டான், இனி வரமாட்டான். எங்க நங்கை அவனுக்காக அழுவாங்க. எங்க நங்கை பூவும் வெப்பாங்க. ரெண்டும் நடக்கும். அந்தச் சேலைய எடுத்துட்டுப் போங்க.”

பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். பெரியப்பன், “பொட்டச்சி பேச்சுக் கேக்கற ஊடாயிருச்சு” என்று துண்டை உதறிக்கொண்டு போனார். போகட்டும். சோறு மீந்தது, மாட்டுக்குப் போட்டோம்.

பவானிக் கூடுதுறைக்கு நானும் நங்கையும் உன் மச்சானும் மட்டும் போனோம். அய்யனுக்கு முடிந்த பிறகு உனக்கு யார் செய்வது என்று ஐயர் கேட்டார். பங்காளி ஒருத்தரும் வரவில்லை. “நான் செய்யறேனுங்க. அவன் கல்யாணத்துல இணைச்சீர் செஞ்சவ நான்” என்றேன். தாலி கட்டும் முன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர் அது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று எள்ளைக் கையில் கொடுத்தார். உனக்குத் தண்ணீர் இறைத்தேன். போதுமா அண்ணா? உப்புத் தண்ணீராகக் குடித்துக் குடித்து உனக்கு எத்தனை தாகமாக இருந்திருக்கும்?

அப்போது நங்கை அழுதார். படித்துறையில் உட்கார்ந்து, தலையில் மல்லிகையும் நெற்றியில் பொட்டுமாக, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார். உன் பெயரைச் சொல்லி அழுதார். நம் வீட்டில் அவர் வாயால் உன் பெயரை நான் கேட்டதேயில்லை. பூ விற்கிற ஒரு அம்மாள் ஓடிவந்தார். “ஏன் கண்ணு இப்படி அழுகறே? ஆரு போயிட்டாங்க?” என்று கேட்டார்.

“எங்க ஊட்டுக்காரருங்க” என்றார் நங்கை.

அந்த அம்மாள் தலைப் பூவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். தாலியை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் இருவருக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

நங்கை இப்போது என்னோடு துடியலூரில்தான் இருக்கிறார். மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார், உன் மச்சான் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறார். இனி அவர் அழ வேண்டுமென்றால் அழுவார், பட்டுக் கட்ட வேண்டுமென்றால் கட்டுவார், நாளைக்கு ஒரு நல்ல மனுசன் வந்து கேட்டு அவர் தலையசைத்தால் அதையும் நானே முன்னின்று நடத்துவேன். பங்காளிகள் படித்துக்கொள்ளட்டும். அதுவரைக்கும் அதன் பிறகும் அவர் தலைக்குப் பூ என் கையால் கட்டுவேன், இது சத்தியம். நீ இனி வர வேண்டாம் அண்ணா. உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிம்மதியாக இரு.

உனக்கு இணைச்சீர் செய்த,
உன் வாயாடித் தங்கச்சி,
மயிலாத்தாள்